விஜயதசமியன்று திறந்த ஆக்சிஜன் சிலிண்டர்

வேண்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது மதுரை ஆஸ்பத்திரிக் குழாயடியில். என் மச்சானின் காக்கிச் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். மார்புப் பக்கம் கருகி ஓட்டையாகியிருந்தது. முதுகுப் பக்கம் அப்படியே இருந்தது. காலரில் முந்தின நாள் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் மணத்தது. அந்த மணம் ஏறியவுடன் முருகன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. 'பூஜை போட்ட மறுநாளே இப்படியா?' என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்றும் தோன்றியது. கோபித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால், கேட்டுப் பார்க்கவும் ஒருவர் இருக்கிறார்தானே?

சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையைக் கூப்பினேன். "பழனியாண்டவா, மச்சானுக்குக் கண்ணைக் கொடு. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து நடந்தே வாரேன்."

அன்பர்களே, அந்த வேண்டுதல் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சந்தோஷமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். பி.யு.சி. முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் அக்கா பொன்னுத்தாய் வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட, வேறு பல காரியங்களுக்கு நடுவே அதையும் செய்தேன் என்பது சரி. வாசகசாலை ஒன்று ஆரம்பித்தேன். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை பஜனைக் குழு ஒன்று. எதையும் ஆரம்பிக்கும் நாளில் எனக்குத் தூக்கம் வராது.

மச்சான் வேலுச்சாமி பழனி ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் கேஸ் வெல்டிங் செய்பவர். வாயு உண்டாக்கும் கார்பைடு டிரம்மில் இருந்து ஒரு குழாய் வரும். ஆள் உயரக் கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து இன்னொரு குழாய் வரும். இரண்டும் சேரும் இடத்தில் நீலத் தீ. அதைக் கையில் பிடித்து அவர் இரும்போடு இரும்பைப் பற்றவைக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூட வேலை செய்தவன் முத்தையா. நத்தத்துப் பக்கத்து ஆள். என் வயதுதான். அவன் அம்மா பேச்சியம்மாள் ஊரில் புளியந்தோப்புக் கூலிக்குப் போய் அவனை வளர்த்தவர். அந்த ஐப்பசியில் அவனுக்குப் பெண் பார்ப்பதாக இருந்தது.

அது போன வருஷம், 1961. ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குப் போனேன். காலையில் இருந்தே கழுவித் துடைத்து, பட்டறை கல்யாண வீடு போல இருந்தது.

"வாங்க காலேஜ் மாப்ளே" என்றார் மச்சான். "பொரி கடலைன்னா மட்டும் பட்டறைக்கு வழி தெரிஞ்சிருது."

"அண்ணே, அவரை உள்ள விடாதீக" என்றான் முத்தையா. "இங்கயும் ஒரு சங்கம் ஆரம்பிச்சிருவாரு. அவரு செயலாளரு, நாம சந்தா."

"தலைவர் பதவி உனக்குத்தாண்டா முத்தையா" என்றேன்.

"அதுக்குக் கல்யாணம் ஆகணும்ல. பொண்டாட்டி இல்லாதவனை எவன் மதிக்கிறான்?"

சிலிண்டர் தலையில் ரெகுலேட்டர் என்று ஒரு பித்தளைக் கருவி திருகியிருக்கும். கடிகாரம் போல இரண்டு முகம் அதில். உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் வேகத்தை அடக்கி வெளியே விடுவது அதுதான். மச்சான் அதைக் கழற்றி, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்து, காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார். பொன்னாக மின்னியது. திரும்பப் பூட்டும்போது திருகும் மரை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாம். எந்தப் பட்டறைக்காரர் கையும் அந்த நேரத்தில் எண்ணெயைத்தான் தேடும். மரையிலும் எண்ணெய் விட்டுத் திருகியிருக்கிறார். நான் போனபோது அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றியிருந்தது. முதலாளி சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து, ஒரு சின்ன வேலையாவது செய்து ஆரம்பித்து வைப்பது வழக்கம். குளித்து, புது வேட்டி கட்டி, மச்சானும் முத்தையாவும் போனார்கள். ஒரு மட்கார்டில் கொஞ்சம் பற்றவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் மச்சான் போனார். அக்கா ஆட்டுக்கறி வாங்கச் சொல்லியிருந்தாள். நான் கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மச்சான் ரெகுலேட்டருக்கு நேராக நின்று சிலிண்டரைத் திறந்தார். திறந்த கணம் அது வெடித்தது. வெடித்தது என்றால் சத்தம் மட்டும் அல்ல. பித்தளையே எரிந்ததாம். கண்ணாடி முகம் இரண்டும் தூளாகி அவர் முகத்தில் இறங்கின. பின்னாலேயே வெள்ளைத் தீ. அவர் விழுந்துவிட்டார். தீ அவர்மேலேயே சீறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். முத்தையா உள்ளே ஓடினான். அந்தத் தீக்குள் கையை விட்டு சிலிண்டர் வால்வைத் திருகி மூடினான். மூடிவிட்டுத் திரும்பும்போது அவன் புது வேட்டி எரிந்துகொண்டிருந்தது.

சேதி கேட்டு அக்காவும் நானும் ஓடினோம். ரிப்பேருக்கு வந்து நின்ற ஒரு லாரியிலேயே இரண்டு பேரையும் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அக்கா மச்சான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முத்தையா என்னைப் பார்த்து, "அண்ணனுக்குக் கண்ணு போச்சாண்ணே?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல" என்றேன். "எனக்குத் தாகமா இருக்கு" என்றான். வழியில் எங்கும் லாரி நிற்கவில்லை.

வார்டு வராந்தாவில் எங்கள் பாயும் பேச்சியம்மாள் பாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருக்குக் கறுத்து மெலிந்த உடம்பு. கூந்தல் மட்டும் இடுப்புக்குக் கீழே இறங்கும். அதை அள்ளி முடிந்துகொண்டு நர்சோடு சண்டைக்குப் போவார்.

"ஏம்மா, எம்மகன் தண்ணி தண்ணிங்கிறான். ஒரு வாய் குடுத்தா உங்க ஆஸ்பத்திரி கெணறு வத்திருமா?"

"டாக்டர் சொல்லாமக் குடுக்கக் கூடாதும்மா."

"அப்ப டாக்டரை வரச் சொல்லு. அவருக்குத் தாகமெடுத்தா மட்டும் உடனே குடிக்கிறாருல்ல?"

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளையும் பாவம், ராத்திரியெல்லாம் நிக்குது. அதைப் போயி ஏசிட்டேன்" என்பார். அக்கா சாப்பிடாமல் இருந்தால் அதட்டுவார். "ஏ பொன்னு, நீ பட்டினி கெடந்தா உம்புருசனுக்குக் கண்ணு வந்துருமா? தின்னு."

ஒரு வாரம் போலத்தான் இருந்தான் முத்தையா. ஒருநாள் விடியும்போது வராந்தாவில் ஆள் நடமாட்டம் அதிகமாக இருந்தது. எழுந்து பார்த்தேன். பேச்சியம்மாள் வார்டு வாசலில் நின்றிருந்தார். அழவில்லை. "அப்பு, அவனுக்குப் போத்துறதுக்கு ஒரு நல்ல வேட்டி வேணும். இவுக குடுக்குறது கிழிஞ்சிருக்கு" என்றார். நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பட்டறை முதலாளி லாரி கொண்டுவந்தார். நத்தத்துக்கு அவனைக் கொண்டுபோனார்கள். போகும்போது பேச்சியம்மாள் அக்காவின் கையைப் பிடித்து, "உம்புருசனைப் பாத்துக்க" என்றார்.

அப்புறம் எங்கள் பாய்க்குப் பக்கத்தில் வெறும் தரை.

சிலிண்டர் கொடுக்கும் கம்பெனியில் இருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். துணிமணி எடுக்க நான் திண்டுக்கல்லுக்கு வந்திருந்த நாள் அது. எரிந்த ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டீங்களா?"

"பூஜைக்குத் துடைச்சோம்" என்றார் முதலாளி.

"எண்ணெய் போட்டா?"

"எண்ணெய் போடாம எதைத் துடைக்கிறது?"

கம்பெனிக்காரர் ரெகுலேட்டரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவ்வளவு அழுத்தத்தில் ஆக்சிஜன் பாய்கிற இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் போதும், தீக்குச்சி வேண்டாம், தானே பற்றிக்கொள்ளும். பட்டறையில் உள்ள மற்ற எந்த மரைக்கும் எண்ணெய் நல்லது. இந்த ஒரு மரைக்கு மட்டும் ஆகாது. "ரெகுலேட்டர்லயே எழுதியிருக்குமே" என்று மூலையில் கிடந்த பழைய ஒன்றைக் காட்டினார். எண்ணெய் கூடாது என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

முதலாளி அதைத் தடவிப் பார்த்தார். "எழுதுனவன் எங்களுக்கு எழுதலையே சார்" என்றார்.

மச்சானிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரே கேட்டார். இரண்டு கண்ணிலும் கட்டு. கை இரண்டும் துணிப் பொதி. "சிலிண்டர்ல கோளாறா மாப்ளே? நான் சரியாத்தானே பூட்டுனேன்?" அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

"அப்ப முத்தையாவைக் கொன்னது என் எண்ணெய்த் துணி" என்றார்.

"அது சாமிக்குத் துடைச்ச துணி" என்றாள் அக்கா. "அம்புட்டுத்தான். இதுக்கு மேல பேசாதீக."

"நீ என்னமோ நேந்துருக்கேன்னியே மாப்ளே. அதை வாபஸ் வாங்கிரு. எனக்குக் கண்ணு வேண்டாம். அந்த ஆத்தா மூஞ்சிய நான் எந்தக் கண்ணால பாக்குறது?"

அன்பர்களே, எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அந்த வாரமே டாக்டர் வலது கண்ணை எடுத்துவிட்டார். இடது கண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார். மச்சான் அதன்பிறகு சோற்றை மறுத்தார். மருந்தை மறுத்தார். நான் தினமும் குழாயடிக்குப் போவேன். 'அவர் வேண்டாம் என்கிறார். நான் வேண்டும் என்கிறேன். நீ என் பேச்சைக் கேள்' என்று சொல்வேன். வேறு மந்திரம் எதுவும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் கட்டை அவிழ்த்தார்கள். மச்சான் கண்ணை இறுக மூடியபடி இருந்தார். "திறங்க" என்றார் டாக்டர். திறக்கவில்லை. அக்கா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். இன்றுவரை என்ன சொன்னாள் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. திறந்தார்.

"மஞ்சளா என்னமோ தெரியுது" என்றார்.

அக்கா கட்டியிருந்தது மஞ்சள் சேலை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெரிந்தது. விரல் தெரிந்தது. டாக்டரே எதிர்பார்க்கவில்லை என்றார். நான் வராந்தாவுக்கு ஓடிவந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். உள்ளே மச்சானும் அழுதார். இரண்டு அழுகையும் ஒன்றல்ல என்று எனக்கே தெரிந்தது.

தைப்பூசத்துக்கு நடந்தோம். தேர்தல் சமயம். வழி நெடுகச் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து, நீலத்திலும் சிவப்பிலும் ஆள் உயர எழுத்து. மச்சான் வரமாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பந்தல்காரர், "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் மோரு குடிங்க" என்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கூட்டம் வந்து நின்றது. அதில் பேச்சியம்மாள்.

மச்சான் எழுந்துவிட்டார். ஓடப் போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. பேச்சியம்மாள் முன்னால் போய் நின்று, "ஆத்தா, அது என் எண்ணெய்" என்றார்.

"தெரியும்" என்றார் பேச்சியம்மாள். "மொதலாளி கருமாதிக்கு வந்தப்ப சொன்னாரு. உக்காரு. வெயில்ல நிக்காத. கண்ணு நல்லாத் தெரியுதா?"

"ஒண்ணு தெரியுது."

"எங்க, இது எத்தனை?" என்று விரலைக் காட்டினார்.

"மூணு."

"ம்." அவர் மோரை வாங்கிக் குடித்தார். பிறகு, "நான் முடி எறக்கப் போறேன்" என்றார்.

நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "ஆத்தா, முத்தையா பிழைச்சா முடி எறக்குறேன்னுதானே நேந்திருப்பீக?"

"ரெண்டு பேரையும் சேத்துத்தான் நேந்தேன். எம்மகன் உசுரு, வேலு தம்பி கண்ணு. ஒண்ணு குடுத்துருக்கான். ஒண்ணு குடுக்கலை. அதுக்காகப் பாதி முடியா எறக்க முடியும்? செரைக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அந்த வராந்தாவில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் இருந்தோம். நான் மச்சான் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டேன். அவர் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். பலித்தது யார் வேண்டுதல் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியும்.

பழனி அடிவாரத்தில் முடி இறக்கும் கொட்டகையில் ஏக நெரிசல். முறை வந்ததும் அவர் உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் தெளித்த நாவிதர், எல்லோரிடமும் கேட்பது போல, "யாருக்கு வேண்டுதல்ம்மா? பேரைச் சொல்லி நெனச்சுக்கங்க" என்றார்.

பேச்சியம்மாள் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. மறுபடி திறந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர், லாரி ஏறும்போது அழாதவர், அந்த ஒரு கேள்விக்குக் குனிந்துவிட்டார். நாவிதர் கத்தியைக் கீழே வைத்தார்.

பக்கத்தில் நின்ற மச்சான்தான் சொன்னார். "முத்தையா."

பிறகு அவரும் அங்கேயே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தார். "எனக்கும் எடுங்க. அதே பேருக்குத்தான்."

மலையேறி, சந்நிதியில் நின்றபோது நான் நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். ஒரு கண் பெரிய வரம். அதைத் தந்தவன் முருகன்தான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. முத்தையாவை ஏன் எடுத்துக்கொண்டான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதமாட்டேன். பேச்சியம்மாளும் கேட்கவில்லை. "கேக்குறதுக்கு இனி என்ன இருக்கு? பாத்துட்டு வரலாம்னு வந்தேன்" என்றார். முருகனுக்கு எதிரே அப்படி வெறுங்கையோடு நிற்க என்னால் முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மச்சான் விரல்கள் சுருங்கிவிட்டன. இனிப் பற்றவைக்கும் வேலை செய்ய முடியாது. அதே பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. வேலையில்லாத நேரம் வாசலில் நின்று மற்றவர்கள் வெல்டிங் செய்வதை ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு உள்ளே போய்விடுவார். மாதம் ஒருமுறை நத்தம் பஸ் ஏறுவார். பேச்சியம்மாளுக்கு முடி வளர்ந்துவிட்டதாம். போனால் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் சோறு போடமாட்டாராம்.

எனக்கும் ஒரு மாற்றம். வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும், வந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி அவருக்காக வேண்டிக்கொள்கிறோம். முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். இப்போது பெயர்கள் முடிவதற்கே நேரம் ஆகிறது. உங்களில் யாராவது இன்றைக்கு ஏதாவது ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தால், கேளுங்கள். கோபமாகவாவது கேளுங்கள். ஆனால் பக்கத்துப் பாயில் இருப்பவர் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்ட அளவுக்கே வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏதோ ஒன்று வரும்.

இன்னொரு காரியமும் ஆரம்பித்திருக்கிறேன். இப்போது ஆடி. ஆயுத பூஜைக்கு நாள் இருக்கிறது. தேர்தலுக்குச் சுவர் எழுதிய ஒருவரைப் பிடித்திருக்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் பட்டறை ஒவ்வொன்றிலும், சிலிண்டருக்கு மேலே சுவரில், தமிழில் பெரிதாக இப்படி எழுதப் போகிறோம். இதற்கு எண்ணெய் ஆகாது. உலர்ந்த சுத்தத் துணியால் துடை. பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திற. மச்சானும் கூட வருகிறார். நான் பேசினால் பட்டறைக்காரர்கள், "படிச்ச தம்பி சொல்லுது" என்று வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் வெற்றிலையை மடித்து வைத்துவிடுவார்கள்.

முதலில் போக வேண்டியது மச்சான் பட்டறைக்குத்தான். அதுதான் கஷ்டம். முதலாளி போன வாரமே சொல்லிவிட்டார். "சுவத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்க தம்பி. ஆனா இனிமே என் பட்டறையில ஆயுத பூஜை கெடையாது. சூடம் பொருத்தக்கூட எனக்குக் கை வராது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முத்தையா கடைசியாகக் கும்பிட்டது அந்த இடத்தில்தான். அங்கே விளக்கு இல்லாமல் போகக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை பேச்சியம்மாளை நத்தத்தில் இருந்து கூட்டிவருகிறேன். அவர், மச்சான், நான், மூன்று பேரும் போய் முதலாளியிடம் இந்த வருஷமும் பூஜை போடச் சொல்லிக் கேட்கப் போகிறோம். முதலாளி என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்.